நம்பூமாவுக்கு நாடகம் கிடையாது

நாடகம் பார்த்தால் மனிதன் திருந்துவானா என்ற கேள்விக்கு, மலாவி நாட்டில் டெட்சா மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் கச்செரே ஊரில் அதிகாரபூர்வமாக விடை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் டாக்டர் நியோண்டோ. கூடமாட ஒத்தாசை செய்தவர்களில் அடியேனும் ஒருவன். என் பெயர் கம்வேண்டோ. தொழில் விவசாயம் என்று சொல்லிக்கொள்வேன், என் சோளக்காட்டைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். உண்மையில் நான் ஊர் நாடகக் குழுவில் சுகாதார நிலையத்து உதவியாளர் வேஷம் கட்டுகிறவன்.

ஊர் நடுவே ஒரு பெரிய அத்திமரம். அதற்கு நேர் எதிரே சுகாதார நிலையம். மரத்தடிதான் எங்கள் மேடை. நாடகத்தின் பெயர் "ஏன் ஐயா?" காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வருவாள். வெள்ளைக் கோட்டு போட்ட நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "நாளைக்கு வா" என்பேன். மறுநாள் வருவாள். "நாளைக்கு வா." அதற்கு மறுநாளும் அதே வசனம்தான். எனக்கு வேறு வசனமே கிடையாது.

அந்த இடத்தில் மேளம் நிற்கும். அப்போது கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு தடவை கைதட்டலாம். கைதட்டினால் மேடையில் இருப்பவர் எழுந்து இடம் கொடுத்துவிட வேண்டும், தட்டியவர் அந்த வேஷத்தை ஏற்று நடிப்பார். எங்கள் பக்கத்து நாடகத்தின் முறை அது. இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. எழுந்து வந்தவர் என்னைப் பார்த்து, "ஏன் ஐயா நாளைக்கு? ஏன் இன்னைக்கு இல்ல?" என்று கேட்பார். ஊரே சேர்ந்து "ஏன்?" என்று கத்தும். நான் திருதிருவென்று விழிப்பேன். பெண்கள் குலவை போடுவார்கள். எதிரே தன் வராந்தாவில் நின்று நிஜமான உதவியாளர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இதற்கெல்லாம் நிதி கொடுப்பது கடல் கடந்த ஒரு நிறுவனம். அவர்களிடம் வருஷத்துக்கு ஒரு நாகரிகம் இருக்கும். ஒரு வருஷம் எல்லா நாடகத்திலும் கொசுவலை வரவேண்டும் என்றார்கள், கொண்டுவந்தோம். அடுத்த வருஷம் மரம் நடவேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த கொசுவலைக்குள்ளேயே மரம் நட்டோம். அதற்கப்புறம் வந்த நாகரிகத்தின் பெயர் "தாக்கம்". நீங்கள் நடித்தீர்கள், சரி, அதனால் தாக்கம் ஏற்பட்டதா, ஏற்பட்டதென்றால் அதை அளந்தது யார் என்று கேட்டு எழுதினார்கள். அளப்பதற்கு டாக்டர் நியோண்டோவை அனுப்பினார்கள்.

லிலோங்வேயிலிருந்து வெள்ளை வண்டியில் வந்து இறங்கினார். டாக்டர் என்று கேள்விப்பட்டதும் நாலைந்து பேர் நாக்கை நீட்டியபடி வரிசையில் நின்றார்கள். தான் மருந்து டாக்டர் இல்லை, அளவு டாக்டர் என்று அவர் விளக்கியபோது நாக்குகள் ஏமாற்றத்துடன் உள்ளே போயின. வடக்கே கரோங்கா பக்கத்துக்காரர். நல்ல மனிதர். லஞ்சம் வாங்காதவர், யாரையும் அதட்டாதவர், தான் செய்வது சரி என்று முழு மனதாக நம்புகிறவர். முதல் இரண்டு குணம் இருப்பவரோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம். மூன்றாவது குணத்தோடு மல்லுக்கட்ட யாராலும் ஆகாது.

வந்ததும் எங்கள் ஊர்த்தலைவி நசாவாவைக் கூப்பிட்டு விசாரணை நடத்தினார். ஓடைக்கு இந்தப் பக்கம் கச்செரே, அந்தப் பக்கம் நம்பூமா. ஒரே அளவு, ஒரே மண், ஒரே வறுமை. இரண்டு ஊருக்கும் போக்குவரத்து உண்டா என்று தெரிந்தாக வேண்டும்.

"கச்செரேயில பொறந்து நம்பூமாவுக்கு வாழப்போன பொண்ணுங்க எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ஒருத்தியும் இல்ல," என்றார் நசாவா.

"நம்பூமாவில பொறந்து இங்க வாழ வந்த பொண்ணுங்க?"

"அதுவும் இல்ல."

டாக்டருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "கலப்பற்ற இணை ஊர்கள்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு இரண்டு ஊரையும் அத்திமரத்தடியில் கூட்டினார்.

"ஒரு ஊருக்கு நாடகம் காட்டுவோம். இன்னொரு ஊருக்குக் காட்ட மாட்டோம்," என்றார். "கடைசியில ரெண்டையும் பக்கத்துல வெச்சு வித்தியாசத்தை அளப்போம். அந்த வித்தியாசம்தான் தாக்கம்."

காசு சுண்டினார்கள். கச்செரேவுக்கு நாடகம் விழுந்தது, நம்பூமாவுக்கு இல்லை. நம்பூமாக்காரர்களின் முகம் தொங்கிப்போயிற்று. அவர்களில் ஃபாக்சன் என்பவர் எழுந்தார். பேச்சில் கெட்டிக்காரர், கோழி வளர்ப்பவர்.

"நாங்க என்ன தப்பு செஞ்சோம் டாக்டரய்யா?"

"ஒரு தப்பும் இல்ல. நீங்கதான் ஒப்பீட்டு ஊர். அவங்க பார்க்கிறது எவ்வளவு முக்கியமோ, நீங்க பார்க்காம இருக்கிறதும் அவ்வளவு முக்கியம்."

"பார்க்காம இருக்கிறதுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். உங்களுக்கும் யாரும் ஒண்ணும் செய்யக் கூடாது."

"அது எங்களுக்குப் பழக்கம்தான்," என்றார் ஃபாக்சன். "இத்தனை வருஷமா எல்லாரும் எங்களுக்கு அதத்தானே செஞ்சுட்டு வர்றாங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் சிரிக்காமல் "நகைச்சுவை உணர்வு, தொடக்க நிலை: நடுத்தரம்" என்று குறித்துக்கொண்டார். வாய் மூடிப் போகட்டும் என்று நம்பூமாவுக்கு ஆளுக்கொரு சலவைச் சோப்பு வழங்கப்பட்டது. ஊர் எல்லையில் "ஒப்பீட்டு ஊர்" என்று நீலப் பலகையும் நட்டார்கள்.

முதல் நாடகம் நடந்தது. மறுநாள் காலை டாக்டர் நம்பூமாவுக்குப் போனார், அங்கே ஒன்றும் நடக்காமல் இருக்கிறதா என்று பார்க்க. அங்கே பெண்கள் எங்கள் நாடகப் பாட்டைப் பாடிக்கொண்டு சோளம் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் தன் மாட்டைப் பார்த்து "நாளைக்கு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தான், என் குரலிலேயே.

டாக்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு நசாவாவிடம் வந்தார். "போக்குவரத்தே இல்லன்னு சொன்னீங்களே!"

"பொண்ணுங்க போனாங்களான்னு கேட்டீங்க, இல்லன்னு சொன்னேன். ஆம்பளைங்க போனாங்களான்னு நீங்க கேக்கவே இல்லயே," என்றார் நசாவா.

விஷயம் இதுதான். டாக்டரின் வடக்குப் பக்கத்தில் மாடு கொடுத்துப் பெண்ணை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் செவா ஜனங்களிடம் மாடே கொடுக்காமல் ஆணை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். கல்யாணமானால் ஆண்தான் பெண்வீட்டு ஊருக்கு வாழப்போவான். வீடு அவளுடையது, நிலம் அவளுடையது, பிள்ளைகள் அவள் வழி. அங்கே அவன் பாயின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆனால் அதே ஆள் தன் அக்கா தங்கை வீட்டுக்குப் போய்விட்டால் ராஜா. அவர்கள் பிள்ளைகளுக்கு அவன் தாய்மாமன். அந்தப் பிள்ளைகளின் கல்யாணம், சண்டை, சாவு எல்லாவற்றிலும் அவன் வைத்ததுதான் சட்டம். அதனால் நம்பூமாவில் இருக்கும் புருஷன்மாரில் பாதிப் பேர் கச்செரேயில் பிறந்தவர்கள், கச்செரே புருஷன்மாரில் பாதி நம்பூமாவில் பிறந்தவர்கள். எல்லாரும் தினம் ஓடையைத் தாண்டித் தங்கை வீட்டில் ஒரு அதிகாரம் செய்துவிட்டுத்தான் நசிமாக் களியைச் சாப்பிடுவார்கள். டாக்டர் பெண்களை எண்ணினார். எங்கள் ஊரில் நகர்கிற பொருள் ஆண் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மலைத்துப்போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர், சாயங்காலம் ஒரு ஆணையோடு இறங்கினார். அதன் பெயர் "தாய்மாமன்மார் நடமாட்ட நெறிமுறை". இறுதி அளவீடு முடியும்வரை எந்தத் தாய்மாமனும் ஓடையைத் தாண்டக் கூடாது. நம்பூமா ஆள் யாரும் நாடகத்தைப் பார்க்கக் கூடாது. நாடகம் அக்கரைக்குக் கசியாமல் கண்காணிக்க வைசன் என்பவர் "கசிவுத் தடுப்பு அலுவலர்" ஆக நியமிக்கப்பட்டு, ஆரஞ்சு நிறச் சட்டை போடப்பட்டு, ஓடையில் நிறுத்தப்பட்டார். வைசன் நம்பூமாவில் பிறந்து கச்செரேயில் வாழ்கிறவர். ஃபாக்சன் கச்செரேயில் பிறந்து நம்பூமாவில் வாழ்கிறவர், வைசனின் தங்கையைத்தான் கட்டியிருக்கிறார். ஆக மச்சானைத் தடுக்க மச்சான். வைசனும் ஒரு தாய்மாமன் என்பதால் அக்கரைக்கு அவரும் போகக் கூடாது. தண்ணீரின் நடுவே முழங்கால் நனைய நிற்பது ஒன்றுதான் அவருக்கு வழி.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், நேலியாவின் கல்யாணம் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

நேலியா எங்கள் கச்செரேப் பெண். தாய் எலுபி, ஃபாக்சனின் உடன்பிறந்த தங்கை. அப்பன் இல்லாத பெண், மாமன் தோளில் வளர்ந்தவள். அவளைக் கேட்டிருந்த ஈனோக் தெற்கே ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறவன், அந்த ஊரை நாங்கள் ஜோனி என்போம். விடுமுறையில் வந்திருந்தான், திரும்பும் பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் கல்யாணம் என்றால் இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களும் பாயில் உட்கார்ந்து, வார்த்தை கொடுத்து, அவர்கள் பக்கத்துச் சேவலையும் நம் பக்கத்துக் கோழியையும் கை மாற்றிக்கொள்ள வேண்டும். மாமன் வராவிட்டால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாமல் ஜோனிக்குப் போனவன் திரும்பி வந்த கதை எங்கள் ஊரில் குறைவு. அப்படிக் காத்திருந்தே தலை நரைத்த பெண்கள் இரண்டு பேர் எலுபியின் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எலுபி நேராக டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"டாக்டரய்யா, எங்கண்ணன் ஓடையத் தாண்டக் கூடாதாமே. ஏன்?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "என்ன கேட்டீங்கம்மா? இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏன்னு கேட்டேன்."

"அபாரம்! நாடகம் பார்க்கிறதுக்கு முந்தி எந்த அதிகாரியையாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?"

"நெறையப் பேரக் கேட்டிருக்கேன்."

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. கேட்டிருக்க மாட்டீங்க."

"கேட்டனோ கேக்கலயோ, இப்ப எனக்குப் பதில் வேணும்."

"பதில் நம்ம திட்டத்துல இல்லம்மா," என்றார் டாக்டர் மிகவும் கனிவாக. "கேள்வி வரைக்கும்தான் நிதி." சொல்லிவிட்டு ஒரு கோடு போட்டார், ஒரு சோப்பு எடுத்துக் கொடுத்தார்.

"இது ஏன்?"

"ரெண்டாவது!" என்று இன்னொரு கோடு போட்டு, இன்னொரு சோப்பு கொடுத்தார்.

மாமனைக் கேட்கப் போன எலுபி இரண்டு சோப்போடு வீடு திரும்பினாள். அந்தச் சோப்பை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்து நான் கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.

அக்கரையில் ஃபாக்சன் ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடைக்கு வந்தார்.

"மச்சான், வழி விடு. மருமவ கல்யாணம்."

"முடியாது மச்சான், உத்தரவு," என்றார் வைசன்.

"நீயும் ஒரு தாய்மாமன்தானய்யா. எம்புள்ளைங்க உன்னப் பாத்து எத்தன நாளாச்சு?"

"அத ஞாபகப்படுத்தாத மச்சான். கால் ஏற்கெனவே வெறச்சுப் போயிருக்கு."

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்துவிட்டார். ஃபாக்சன் அவரை மடக்கினார். "ஏன் ஐயா? ஏன் நான் வரக் கூடாது?"

டாக்டருக்கு முகம் வெளுத்தது. "இவருக்கு இத யார் சொல்லிக்கொடுத்தது?"

"எத?"

"ஏன்னு கேக்கிறத!"

"ரெண்டு வயசுல நானே கத்துக்கிட்டேன்."

"அது வேற ஏன். இது எங்க ஏன்," என்றார் டாக்டர். வைசனைப் பார்த்து, "குறிச்சுக்கங்க, கசிவு ஒண்ணு" என்றார். ஒரே வார்த்தை, ஓடைக்கு இந்தப் பக்கம் எலுபி சொன்னால் தாக்கம், அந்தப் பக்கம் அவள் அண்ணன் சொன்னால் கசிவு. அன்றிலிருந்து நம்பூமா ஜனம் தினமும் ஓடைக்கரையில் கூட ஆரம்பித்தது. ஏன் எங்களுக்கு நாடகம் இல்லை, ஏன் மாமன் போகக் கூடாது, ஏன் சோப்பு சின்னதாகிவிட்டது என்று கூச்சல். வைசன் தண்ணீரில் நின்றபடி கசிவு எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்.

பஸ்ஸுக்கு நாள் நெருங்கியது. நசாவா, எலுபி, நான் மூவரும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். டாக்டர் இளகிய மனசுக்காரர். நிஜமாகவே யோசித்தார்.

"கல்யாணத்துல மாமன் என்ன செய்யணும்? சுருக்கமாச் சொல்லுங்க."

"பாயில உக்காரணும், வார்த்தை கொடுக்கணும், கோழி மாத்தணும்," என்றார் நசாவா.

"அப்ப வசனம் இருக்கு. உடை இருக்கு. கோழி இருக்கு. இது நாடகம்தானே?" டாக்டரின் கண் என் மேல் விழுந்தது. "நடிகரும் இருக்காரு."

நசாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சேவல வாங்கின கைதான் நாளைக்கு அந்தக் குடும்பத்துச் சண்டையையும் வாங்கணும். ஈனோக் ஜோனியில இன்னொருத்தியச் சேத்துக்கிட்டா இந்தப் புள்ள யார் வாசல்ல வந்து அழும்? கம்வேண்டோ வாசல்லயா? இவன் பொண்டாட்டியே இவன்கிட்ட ஒரு கஷ்டம் சொல்றதில்ல."

"தற்காலிகமாத்தான். இறுதி அளவீடு முடிஞ்சதும் அதுவரைக்கும் சேர்ந்த சண்டைகள அசல் மாமன்கிட்ட முறைப்படி ஒப்படைச்சிடலாம்."

எலுபி தலையாட்டினாள். வேறு வழி இருந்தால்தானே. நான் ஒத்துக்கொண்டேன். நடிகனுக்கு ஒரு வேஷம் வருகிறது, அன்றைய படியும் உண்டு என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. டாக்டர் மகிழ்ச்சியோடு அந்த நிகழ்ச்சியைத் தன் கணக்கிலும் சேர்த்துக்கொண்டார். "சமூக நாடக நிகழ்வு. தலைப்பு: மாமன். பார்வையாளர்: ஏராளம்."

கல்யாணத்தன்று ஃபாக்சனின் கோட்டு ஓடையைத் தாண்டி வந்தது. கோட்டுக்கு மனப்பான்மை கிடையாது என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். கோழி விஷயத்தில் டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அது நாடகத்தன்று கச்செரேப் பக்கம் மேய்ந்திருக்கக் கூடுமா என்று விசாரித்துவிட்டு, பிறகு விட்டார். நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அத்திமரத்தடிப் பாயில் உட்கார்ந்தேன். அது எனக்குத் தோளில் தொளதொளத்தது. எதிரே ஈனோக்கின் மாமன், சிவந்த சேவலோடு. பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். அவர் சேவலை என் பக்கம் நீட்டினார்.

நேலியா அழுதுகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் மணப்பெண் அழுவது வழக்கம்தான், ஆனால் அதற்கு ஒரு அளவு, ஒரு அழகு உண்டு. இது அப்படி இல்லை. பிள்ளை தன் மாமன் கோட்டைப் பார்த்து, உள்ளே இருக்கிற என்னைப் பார்த்து, விக்கி விக்கி அழுதது. வெள்ளைக் கோட்டு போட்டு எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒருத்தியும் இப்படி அழுததில்லை.

நான் கையை நீட்டப் போனேன். பின்னாலிருந்து "பட்" என்று ஒரு கைதட்டல்.

எலுபி எழுந்து நின்றாள். "நிறுத்து! இவரு சரியா நடிக்கல. இந்த வேஷத்த வேற ஆள் நடிக்கணும்."

நான் சடக்கென்று எழுந்து பாயை விட்டு இறங்கிவிட்டேன். பழக்கம்தான். கைதட்டினால் இடம் கொடுக்க வேண்டும்.

டாக்டர் ஓடிவந்தார். "என்னம்மா இது?"

"நீங்கதான் இத நாடகம்னு எழுதியிருக்கீங்க. நாடகம்னா கைதட்டலாம். கைதட்டினா ஆள மாத்தலாம். எங்கண்ணன் வந்து நடிப்பாரு."

"அவர் ஒப்பீட்டு ஊராச்சே! தாய்மாமனாச்சே!"

"தாய்மாமனா வரலயே. நடிகரா வர்றாரு. நம்பூமாக்காரங்க நாடகம் பார்க்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நடிக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

டாக்டர் தன் நெறிமுறையை முன்னும் பின்னும் புரட்டினார். நடிகரைப் பற்றி ஒரு வரி இல்லை. போதாததற்கு "பார்வையாளர் பங்கேற்பைத் தடுக்கலாகாது" என்று அவரே எழுதிய வரி ஒன்று அகப்பட்டது. நேர்மையான மனிதர், தன் விதியைத் தானே மீற அவரால் முடியாது.

"வரட்டும்," என்றார் கடைசியில். "ஆனா பார்க்கக் கூடாது. கண்ணக் கட்டிடுங்க. காதையும் அடைச்சிடுங்க."

"கல்யாண வார்த்தை காதுல விழணுமே," என்றார் நசாவா.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு காதை மட்டும் அடைப்பது என்று முடிவாயிற்று.

எலுபி இடுப்பில் கட்டியிருந்த சித்தென்ஜே துணியை அவிழ்த்து வைசனிடம் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வைசன் அக்கரைக்குப் போய், மச்சானின் கண்ணைக் கட்டி, ஒரு காதில் பஞ்சு வைத்து, கையைப் பிடித்து ஓடையில் இறக்கினார். பின்னாலேயே நம்பூமா முழுக்க இறங்கியது. எல்லாரும் நடிகர்களாம். ஒருத்தி தண்ணீர் கொண்டுவருகிறவள் வேஷம், இன்னொருவன் சும்மா நிற்கிறவன் வேஷம். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததில் பாதிப் பேர் ஓடையில் விழுந்தார்கள், மீதிப் பேர் அவர்கள் மேல் விழுந்தார்கள். சொட்டச் சொட்ட வந்த ஃபாக்சனை நேலியா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தாள். அவர் தடவித் தடவிச் சேவலை வாங்கினார், கோழியைக் கொடுத்தார், கட்டிய கண்ணுக்குள்ளேயே அழுதார்.

ஈனோக்கின் மாமன் மெதுவாகக் கேட்டார். "தாயி, இது கல்யாணமா, நாடகமா?"

"டாக்டருக்கு நாடகம், நமக்குக் கல்யாணம்," என்றார் நசாவா. கிளம்பிய குலவை மலைவரைக்கும் போய்த் திரும்பியது. நானும் அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்ல மனுஷனாக உங்களிடம் விடைபெற்றிருப்பேன். ஆனால் இறுதி அளவீடு பாக்கி இருந்ததே.

அளந்தார்கள். "அதிகாரிகளை நோக்கி எழுப்பப்பட்ட கேள்விகள்" என்பதுதான் பிரதான அளவுகோல். கச்செரேயில் எலுபி கேட்டதைத் தவிர ஒன்றுமே இல்லை. நாங்கள் மரத்தடியில் சேர்ந்து "ஏன்?" என்று கத்திவிட்டு, மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போய்விடுவோம். எதிரே நிஜமான கதவு பூட்டித்தான் கிடந்தது, அதைப் போய்க் கேட்டவன் ஒருவனும் இல்லை. நம்பூமாவிலோ வைசன் எழுதிவைத்த கசிவே மூட்டை மூட்டையாக இருந்தது. நாடகமே பார்க்காத ஊர் கேள்வி கேட்பதில் எங்களைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் எண்ணைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரிசெய்திருப்பான். டாக்டர் நேர்மையானவர். சாப்பாடு தண்ணீர் இல்லாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார்: "நாடகம் காட்டாமையின் தாக்கம்". நாடகத்தைக் காட்டுவதைவிட, காட்டாமல் தடுத்தால்தான் மக்களிடம் கேள்வி கேட்கும் மனப்பான்மை வளர்கிறது என்று அதில் ஐயம் திரிபற நிரூபித்திருந்தார்.

கடல் கடந்தவர்களுக்கு ஆனந்தம். காட்டாமை, காட்டுவதைவிட மலிவு. அடுத்த கட்டமாக மாவட்டத்தின் எல்லா ஊர்களுக்கும் நாடகம் காட்டாமல் இருப்பது என்று தீர்மானம் ஆயிற்று. ஊர்த்தலைவர்கள் தங்கள் ஊரை முதலில் விட்டுவிடுமாறு, அதாவது சேர்த்துக்கொள்ளுமாறு, மனு கொடுத்தார்கள். "எங்களுக்கு ஏன் ஆரம்பத்துலயே காட்டாம இருக்கல?" என்று நசாவாவே சண்டை போட்டு, கச்செரேவுக்கும் காட்டாமை வாங்கிவந்தார். வைசனுக்குப் பதவி உயர்வு, இப்போது ரப்பர் பூட்ஸ் உண்டு. ஃபாக்சன் ஊர் ஊராகப் போய், நாடகம் பார்க்காததால் தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று பேசுகிறார். கிணறு தோண்டாமையின் தாக்கத்தை அளக்க இன்னொரு டாக்டர் புறப்பட்டிருப்பதாகக் கேள்வி.

எங்கள் குழுவையும் கைவிடவில்லை. எதைப் பார்க்கவில்லை என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே முழு உடையோடு, மேளத்தோடு மரத்தடியில் போய் உட்கார்ந்து நடிக்காமல் இருக்க வேண்டும். யாராவது "ஏன்?" என்று கேட்டால் குறித்துக்கொண்டு சோப்பு கொடுக்க வேண்டும். பதில் சொல்லக் கூடாது, சொன்னால் அது தலையீடு. நடித்த காலத்தைவிடப் படி அதிகம். ஒப்பந்தத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கேள்வி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார், ஒருவரும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு காலை வேளை, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அத்திமரத்தடியில் ஒழுங்காக நடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நேலியா வந்தாள். கல்யாணம் முடிந்து ஈனோக் ஜோனிக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தைக்கு உடம்பு கொதித்தது, பக்கத்தில் நின்றாலே அனல் தெரிந்தது. சுகாதார நிலையத்துக் கதவைத் தட்டினாள். உதவியாளர் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார். மரத்தடிக்கு வந்தாள்.

"ஏன் சித்தப்பா பூட்டியிருக்கு?"

குறித்துக்கொண்டேன்.

"எப்ப வருவாரு?"

"எப்ப" எங்கள் கணக்கில் சேராது. காத்திருந்தேன்.

"ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

குறித்துக்கொண்டு பையிலிருந்து சோப்பை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. குழந்தை முனகியது. எனக்கு மனசு கேட்கவில்லை, விதியை மீறி வாயைத் திறந்துவிட்டேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், அந்தக் கோட்டுக்குள் இருந்துகொண்டு வாயைத் திறந்தால் ஒன்றுதான் வருகிறது.

"நாளைக்கு வா தாயி."

நேலியா என்னைப் பார்த்தாள். மேளத்தைப் பார்த்தாள். அவள் தாய் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, பட்டென்று ஒரு தடவை கைதட்டினாள்.

"இது நாடகம் இல்ல தாயி," என்றேன், உட்கார்ந்தபடியே.